அர்டுயினோவைக் கொஞ்சம் ஓரமா வைங்க

ரேஸ் டீம்ல எலக்ட்ரானிக்ஸ் பக்கம் சேர்ந்த புதுசுல எல்லாருக்கும் ஒரே ஆசைதான்: எந்த வேலை வந்தாலும் ஒரு மைக்ரோகன்ட்ரோலரை வச்சு நாலு வரி கோட் எழுதி முடிச்சிடணும். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்துவரும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு வண்டி கட்டுறவங்களால ஒரு இடத்துல அது முடியாது. பி.எஸ்.பி.டி.ன்னு சொல்ற பிரேக் பாதுகாப்பு சர்க்யூட். அது தனியா இயங்கணும், புரோகிராம் பண்ற எதுவும் அதுக்குள்ள இருக்கக் கூடாது. இதுதான் விதி.

செய்ய வேண்டிய வேலை சின்னது. பெட்ரோல் வண்டின்னு வச்சுக்குங்க. டிரைவர் பிரேக்கை அழுத்தி மிதிக்கிறார், ஆனா த்ராட்டில் 25 சதவீதத்துக்கு மேல திறந்தே கிடக்கு. இது அரை விநாடிக்கு மேல நீடிச்சா இன்ஜின் நிக்கணும்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு விதியா?"ன்னு முனகுறவங்க உண்டு. எனக்கு இந்த விதி பிடிக்கும். த்ராட்டில் சிக்கிக்கிட்ட அந்த நேரத்துல ஈ.சி.யூ.வே ஹேங் ஆகியிருக்கலாம். கோட்ல வந்த கோளாறுக்கு இன்னொரு கோடையே காவலுக்கு வைக்கிறது எனக்குச் சரியாப் படலை.

எல்.எம். 339 ஐ.சி. ஒண்ணுல நாலு கம்பேரேட்டர் இருக்கு. ஒண்ணு பிரேக் பிரஷர் சென்சாரைப் பார்க்கட்டும், இன்னொண்ணு த்ராட்டில் சென்சாரை. ரெண்டும் ஓபன் கலெக்டர்ங்கிறதால அவுட்புட்டுகளைச் சேர்த்துக் கட்டினாலே ஆண்ட் கேட் தயார். அங்கிருந்து 5 வோல்ட்டுக்கு 100 கிலோ ஓம், தரைக்கு 4.7 மைக்ரோஃபாரட். ரெண்டு நிபந்தனையும் சேர்ந்தாதான் கெப்பாசிட்டர் ஏறும்; சுமார் 0.47 விநாடியில 3.15 வோல்ட்டைத் தொடும். அதை மூணாவது கம்பேரேட்டர் பார்த்து ரிலேயை விடுவிக்கும். ரிலே எப்பவும் கரன்ட்ல பிடிச்சு நிக்கணும். சர்க்யூட்டுக்கு சப்ளை போனாலும் வண்டி நிக்கணும் இல்லையா? எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் மேல அச்சடிச்ச மதிப்பை மட்டும் நம்பாதீங்க, அளந்து பார்த்துப் போடுங்க.

இதுவரைக்கும் பலர் சரியாவே செய்றாங்க. கோட்டை விடுறது வயர்ல. எனக்கு ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில சுண்ணாம்புக்குளம். உப்புக்காத்துல வயரோட மேல்தோல் புதுசாட்டமே இருக்கும். பிரிச்சா உள்ளே செம்பு பச்சையா பூத்துக் கிடக்கும். கோயம்புத்தூர்ல உப்புக்காத்து இல்லை, ஆனா இன்ஜின் அதிர்வு அதே வேலையைச் செய்யும். த்ராட்டில் சென்சார் சிக்னல் வயர் அறுந்து சைபர் வோல்ட் வந்தா, உங்க சர்க்யூட் "டிரைவர் காலை எடுத்துட்டார்"னு நினைச்சு நிம்மதியா இருக்கும். அதனால சிக்னல் வயருக்கு ஒரு புல்-அப் ரெசிஸ்டர் கொடுங்க. அறுந்தா வோல்ட்டேஜ் சாதாரணமா வராத உயரத்துக்குப் போகும், அதைப் பிடிக்க நாலாவது கம்பேரேட்டர் இருக்கு. பிரேக் சென்சாருக்கும் இதே காவல் வேணும். விதியும் இதைக் கேட்குது.

சீனியர் விட்டுட்டுப் போன போர்டை அப்படியே மாட்டுற வழக்கம் நம்மகிட்ட இருக்கு. போன வருஷம் பாஸ் ஆச்சுங்கிறது மட்டும்தான் அதைப் பத்தி நமக்குத் தெரிஞ்ச ஒரே விஷயம். சீட்ல உட்காரப்போறது உங்க கிளாஸ்மேட். மாட்டுறதுக்கு முன்னாடி சென்சாருக்குப் பதிலா ரெண்டு பொட்டென்ஷியோமீட்டரை வச்சு மேஜையிலேயே திருகிப் பாருங்க. அப்புறம் வயரை ஒவ்வொண்ணா பிடுங்குங்க. ஒவ்வொரு தடவையும் ரிலே 'டிக்'னு விடுதான்னு காது கொடுத்துக் கேளுங்க.