வாயையே தொட்டிலாக்கும் அப்பா

இந்தத் தடவை மீனைப் பற்றி எழுதப் போகிறேன். புளி எவ்வளவு, மிளகாய் எத்தனை என்று குறித்துக் கொள்ளப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து விடாதீர்கள், சகோதரிகளே! இது சட்டிக்கு வருகிற மீன் இல்லை. மூன்று அங்குலம் வளர்ந்தாலே பெரிசு. பங்காய் கார்டினல் என்று பெயர்.

இந்தோனேசியாவில் சுலவேசி என்று ஒரு பெரிய தீவு. அதற்குக் கிழக்கே இருக்கிற பங்காய்த் தீவுகளின் கரையோரம்தான் இதன் சொந்த ஊர். பவளப்பாறைகளுக்கு நடுவிலும் கடல் புல் திட்டுகளிலும், பெரும்பாலும் ஓர் ஆள், இரண்டு ஆள் ஆழத் தண்ணீரிலேயே கூட்டமாக இருக்கும். வெள்ளித் தகடு மாதிரி உடம்பு, குறுக்கே கறுப்புப் பட்டைகள், நீள நீளத் துடுப்புகள், மேலெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். பார்க்க அத்தனை அழகு.

அழகை விடுங்கள், இதன் குடித்தனத்தைக் கேளுங்கள். பெண் மீன் முட்டையிட்டதும் ஆண் மீன் அத்தனையையும் தன் வாயில் வாங்கிக் கொள்கிறது. சுமார் 20 நாள் அடைகாக்கிறது. குஞ்சு பொரிந்த பிறகும் உடனே வெளியே விடுவதில்லை. இன்னும் ஏறக்குறைய 10 நாள் வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆக, ஒரு மாதம் அப்பாவுக்குச் சாப்பாடு கிடையாது. ஒரு வேளை காப்பி பத்து நிமிஷம் தாமதமானால் நம் வீடுகளில் எழும்புகிற குரலை நினைத்துக் கொண்டேன்!

ஆனால் அப்பாவின் பட்டினி மட்டும் போதாது. குஞ்சுகள் வெளியே வந்ததும் ஒளிய இடம் வேண்டும். இல்லாவிட்டால் மற்ற மீன்கள் மட்டுமல்ல, சொந்த இனத்துப் பெரிசுகளே விழுங்கி விடும். அங்கே கடல் முள்ளெலி என்று ஒரு பிராணி உண்டு. பெயர்தான் எலி, பார்த்தால் உருண்டையில் கறுப்புப் பின்னல் ஊசிகளைக் குத்தி வைத்த மாதிரி இருக்கும். அந்த முட்களின் இடுக்குதான் இவைகளுக்கு வீடு. பூப்போல விரிகிற கடல் சாமந்தியின் நடுவிலும் குஞ்சுகள் பதுங்கும்.

பவளப்பாறை மீன்கள் பலவற்றின் குஞ்சுகள் நீரோட்டத்தோடு மிதந்து தூர தூரத்துக்குப் போய்விடும். இவை அப்படியில்லை, பிறந்த இடத்திலேயே தங்கி விடும். அதனால் ஒரு தீவுக் கரையில் பூண்டோடு போனால், வேறு இடத்திலிருந்து வந்து நிரப்புவது மிகவும் கஷ்டம்.

அந்த ஆபத்துதான் வந்திருக்கிறது. 1920-இல் முதலில் சேகரிக்கப்பட்ட இந்த மீனை அப்புறம் உலகமே மறந்திருந்தது. 1994-இல் ஜெரால்ட் ஆலன் என்ற மீனியல் அறிஞர் மறுபடி கண்டுபிடித்தார். உடனே கண்ணாடித் தொட்டி வியாபாரிகளின் கண் பட்டது. வருஷத்துக்கு லட்சக்கணக்கில் பிடித்து வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். போதாததற்கு, அந்த முள்ளெலிகளையும் கடல் சாமந்திகளையும் கூட ஆட்கள் எடுத்துக் கொண்டு போகிறார்கள். வீட்டையும் பிடுங்கினால் குஞ்சு எங்கே போகும்? 2007-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் அபாயத்திலுள்ள இனங்களில் சேர்த்தது.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? பிள்ளைகள் மீன் தொட்டி கேட்டு அடம் பிடிக்காத வீடு உண்டா? பிறந்தநாள் வந்தால் வாங்கிக் கொடுத்து விடுகிறோம். உப்புத் தண்ணீர் மீன் விற்கும் கடைக்குப் போனால், "இது தொட்டியில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். குஞ்சுகள் நன்றாக வளர்ந்த பிறகே வெளியே வருவதால் இந்த மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய முடிகிறது. செய்தும் வருகிறார்கள். கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால் வாங்காமல் வந்து விடுங்கள். சின்னக் குழந்தைகளுக்குக் கப்பி, மோலி போன்ற நல்ல தண்ணீர் மீன்களே போதும். பண்ணையில் வளர்ப்பவை, செலவும் குறைவு, பராமரிப்பும் சுலபம்.

கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற நமக்கு, மீனைப் பற்றி ஒரு கேள்வி கேட்பது பெரிய காரியமா என்ன? இந்த அப்பா மீன் கதையை இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். அவர்கள் அப்பா காதிலும் விழட்டும்!