ஆட்டக்களமும் அங்காடியும்



கால்பந்தாட்டத்தைப் பற்றி இப்பக்கத்தில் எழுதுவது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆட்டத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதியும் இல்லை. ஓர் ஆட்டக்களத்திற்காகச் செய்யப்பட்ட ஒப்பந்தம் முறிந்தபோது, அக்கழகத்தின் ரசிகர்கள் தங்களுக்குள் நடத்திய வாதத்தைப் பற்றியே எழுத விரும்புகிறேன். ஒரு பெரிய நிறுவனம் நமக்குத் தீங்கு செய்துவிட்டது என்று நாம் எண்ணும்போது, அதன் கடை வாசலில் போய் நின்று கூவலாமா? அங்கே பொருள் வாங்காதீர்கள் என்று பிறரைத் தடுக்கலாமா? இவை எந்த ஊர் மக்களுக்கும் என்றாவது ஒரு நாள் வரக்கூடிய கேள்விகளே.

இங்கிலாந்தின் மேற்கே பிரிஸ்டல் என்னும் துறைமுக நகரம் உள்ளது. அந்நகரில் 1883-ஆம் ஆண்டு தோன்றியது பிரிஸ்டல் ரோவர்ஸ் என்னும் கால்பந்துக் கழகம். 1897 முதல் ஈஸ்ட்வில் என்ற பகுதியில் அதன் களம் இருந்தது. பக்கத்திலேயே எரிவாயுத் தொழிற்சாலை. ஆட்டம் பார்க்க வந்தவர்களின் மூக்கில் அந்த வாடை எப்போதும் ஏறிக்கொண்டிருக்கும். எதிர்க்கழகத்தார் கேலியாக வைத்த 'வாயுக்காரர்' என்னும் பட்டத்தை ரோவர்ஸ் ரசிகர்கள் தங்கள் பெருமைக்குரிய பெயராகவே ஏற்றுக்கொண்டனர். ஏழை எளியவர் பலர் கூடிய கழகம் அது. பணம் என்றும் அதன் கையில் தங்கியதில்லை.

1940-இல், போர்க்கால நெருக்கடியில், கழகத்தின் நிர்வாகிகள் அக்களத்தை நாய்ப் பந்தயம் நடத்தும் நிறுவனத்திற்கு விற்றுவிட்டார்கள். அன்றிலிருந்து சொந்த வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவனின் நிலை கழகத்திற்கு வந்தது. 1986-இல் அந்த வாடகை வீட்டையும் விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு பத்து ஆண்டுகள் பக்கத்து நகரமான பாத்தில் இரவல் களத்தில் ஆடினார்கள். தங்கள் ஊர்க் கழகத்தைக் காண அடுத்த ஊருக்குப் பயணம் செய்தார்கள் ரசிகர்கள். பழைய ஈஸ்ட்வில் களம் இருந்த இடத்தில் இன்று ஐக்கியா என்னும் மரச்சாமான் கடை நிற்கிறது. ஓர் அங்காடிக்கு எதிராக இவர்கள் உள்ளத்தில் எழுந்த கோபத்தின் ஆழத்தை அறிய இந்த வரலாற்றையும் அறிந்திருக்க வேண்டும்.

1996-இல் ரோவர்ஸ் பிரிஸ்டலுக்குத் திரும்பியது. ஹார்ஃபீல்டு பகுதியில் உள்ள நினைவுக் களமே அதன் புதிய இல்லமாயிற்று. முதல் உலகப் போரில் உயிர்நீத்த அந்நகர ரக்பி வீரர்களின் நினைவாக 1921-இல் திறக்கப்பட்ட இடம் அது. முதலில் ரக்பிக் கழகத்தோடு பகிர்ந்துகொண்டு, 1998-இல் முழு உரிமையும் பெற்றார்கள். ஆயினும் களம் சிறியது. ஏறத்தாழ 12,000 பேருக்கே இடமுண்டு. அவர்களிலும் பெரும்பாலோர் நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். கழகம் வளர வேண்டுமாயின் வேறிடம் தேட வேண்டும் என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது.

அதற்கு வழி பிறந்ததாகத் தோன்றியது 2011-இல். நகரின் புறத்தே ஃபிரென்சே என்னுமிடத்தில் மேற்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தின் நிலத்தில் 21,700 இருக்கைகள் கொண்ட புதிய அரங்கம் எழுப்புவது. அதற்கான பணத்திற்கு நினைவுக் களத்தை சேன்ஸ்பரி என்னும் பெரிய அங்காடி நிறுவனத்திற்கு 3 கோடி பவுண்டுக்கு விற்பது. அங்கே நிறுவனம் தன் கடையைக் கட்டிக்கொள்வது. இதுவே ஏற்பாடு.

ஆனால் ஒப்பந்தம் என்பது தலைப்பில் எழுதிய தொகை மட்டுமன்று. அதன் உள்ளே சிறிய எழுத்துகளில் பல நிபந்தனைகள் இருந்தன. கடை கட்டுவதற்கு நகராட்சி தரும் அனுமதி நிறுவனத்திற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். குறித்த நாளுக்குள் எல்லாம் முடிய வேண்டும். நகராட்சி 2013-இல் அனுமதி தந்தது. ஆனால் சரக்கு வண்டிகள் வந்து இறக்கும் நேரத்திற்குக் கட்டுப்பாடு விதித்தது. சுற்றிலும் வீடுகள், இரவில் லாரிகள் இரைந்தால் மக்கள் உறங்குவது எங்ஙனம்? இது நியாயமான கட்டுப்பாடே. ஆயினும் நிறுவனத்திற்கு அது ஏற்புடையதன்று. அவ்வாறாயின் அக்கட்டுப்பாட்டை எதிர்த்து மேல்முறையீடு செய்ய நிறுவனம் கடமைப்பட்டதா? வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு 60 அல்லது அதற்கு மேல் என்று மூத்த வழக்கறிஞர் சொன்னால் மட்டுமே கடமை என்று ஒப்பந்தம் கூறியது. கேட்கப்பட்ட வழக்கறிஞரோ அந்த அளவுக்கு வாய்ப்பில்லை என்று கருத்துரைத்தார். நாளும் கடந்தது. ஒப்பந்தம் முடிந்தது என்றது நிறுவனம்.

இதற்கிடையில் காலமும் மாறியிருந்தது. 2011-இல் பெரிய கடைகளை ஊருக்கு ஊர் கட்டுவதே அங்காடி நிறுவனங்களின் போட்டியாக இருந்தது. சில ஆண்டுகளுக்குள் ஜெர்மனியிலிருந்து வந்த ஆல்டி, லிடில் என்னும் மலிவு விலைக் கடைகள் வாடிக்கையாளரைத் தம் பக்கம் இழுத்துவிட்டன. 2014 நவம்பரில் சேன்ஸ்பரி நிறுவனமே, திட்டமிட்டிருந்த பல கடைகளைக் கட்டப்போவதில்லை என்று அறிவித்தது. ஹார்ஃபீல்டு கடை அதற்கு இலாபம் தரும் பொருளாக இனி இல்லை. விலக விரும்பியவனுக்கு வாசல் திறந்திருந்தது. அவன் விலகினான் என்றே சாதாரண மனிதன் பேசுவான்.

கழகம் வழக்குத் தொடுத்தது. 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. 2016 மார்ச்சில் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. இந்த வழக்கில் ஒரு செய்தி என் கவனத்தை மிகவும் ஈர்த்தது. இரு தரப்பாரும் நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ள வேண்டும் என்ற சொற்கள் ஒப்பந்தத்திலேயே இருந்தன. ஆயினும், தான் பேரம் பேசிப் பெற்ற உரிமையை ஒருவன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நல்லெண்ணம் கட்டாயப்படுத்தாது என்றே நீதிமன்றம் பொருள் கொண்டது. சட்டம் படித்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை. அறநூல் படித்த நமக்கோ சற்றுத் தயக்கம் உண்டாகிறது. நமது பழைய ஆசிரியர்கள் நீதியையும் அன்பையும் வேறு வேறு புண்ணியங்களாகப் பிரித்துக் கற்பித்தார்கள் என்பது உண்மை. ஒப்பந்தத்தில் கண்டதைச் செய்தவன் நீதிக்குக் குறை வைக்கவில்லை; ஆனால் அவன் நல்ல அயலானாகவும் நடந்தான் என்று அதனால் ஆகிவிடாது.

இனி ரசிகர்களின் வாதத்திற்கு வருவோம். அவர்களின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். 2014 மே மாதத்தில்தான் ரோவர்ஸ், 1920 முதல் இடைவிடாது ஆடிவந்த கால்பந்து லீகிலிருந்தே கீழே தள்ளப்பட்டது. (மறு ஆண்டே திரும்பி வந்துவிட்டார்கள், அது வேறு கதை.) அத்துயரத்தின் மேல் புதிய அரங்கத்தின் கனவும் கலைந்தது. ஆத்திரம் வருவது இயல்பே. அந்நிறுவனத்தின் கடைகளில் இனி நாம் எவரும் காலடி வைக்கக்கூடாது என்றனர் ஒரு சாரார். கடை வாசலில் கொடிபிடித்து நிற்போம் என்றனர் வேறு சிலர். நம்மில் சில ஆயிரம் பேர் ரொட்டியும் பாலும் வேறு கடையில் வாங்கினால் நாடெங்கும் கிளை பரப்பிய நிறுவனத்திற்கு என்ன நட்டம் என்று கேட்டவர்களும் உண்டு. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெண் அந்த ஒப்பந்தத்தைக் கண்ணாலும் கண்டவள் அல்லளே, அவளும் நம் கழகத்தின் ரசிகையாக இருக்கலாமே என்றனர் நிதானம் உள்ளோர். எனக்கு மிகவும் பிடித்தது கடைசிக் கேள்விதான்: அந்த நிபந்தனைகளுக்கெல்லாம் கீழே கையெழுத்திட்டது நம் கழகத்தின் நிர்வாகம்தானே, அவர்களை யார் கேட்பது?

பகிஷ்காரம் என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பாய்காட்' என்னும் சொல் ஒரு மனிதரின் பெயரிலிருந்து பிறந்தது. 1880-இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், ஒரு நிலப்பிரபுவின் முகவராக இருந்தவர் கேப்டன் பாய்காட். குத்தகையைக் குறைக்கும்படி கேட்ட ஏழைக் கத்தோலிக்க விவசாயிகளை வெளியேற்ற முனைந்தார். மக்கள் அவரை அடிக்கவில்லை. வேலைக்கு வருவதை நிறுத்தினார்கள். கடைக்காரர் பொருள் விற்க மறுத்தார்கள். அறுவடை செய்ய வடக்கிலிருந்து ஆட்கள் வரவேண்டியதாயிற்று; அவர்களுக்குக் காவலாகப் படை வந்தது. இச்செயலுக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று எண்ணி, எளிய மக்கள் நாவில் எளிதில் வரும்படி அவர் பெயரையே சொல்லாக்கியவர் அவ்வூர்ப் பங்குத்தந்தை ஜான் ஓமாலி என்று கூறுவர். ஒரு பங்குக் குருவானவர் உலக மொழிகளுக்கெல்லாம் ஒரு சொல்லைக் கொடுத்தார் என்பதில் என் போன்றோர்க்குச் சிறிது மகிழ்ச்சி உண்டு.

அந்த மகிழ்ச்சியை அடக்கும் செய்தியும் உண்டு. எட்டு ஆண்டுகள் கழித்து, 1888 ஏப்ரலில், திருத்தந்தை 13-ஆம் சிங்கராயரின் காலத்தில், உரோமைத் திருச்சபை நீதிமன்றம் அயர்லாந்தில் நடந்த பகிஷ்காரத்தைத் தவறென்று அறிவித்தது. குத்தகை செலுத்த மனமிருந்தவர்களையும், காலியான நிலத்தை உரிமையோடு எடுத்துக்கொண்டவர்களையும் ஊரார் துன்புறுத்தியது நீதிக்கும் அன்புக்கும் முரணானது என்பது காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. அயர்லாந்து மக்கள் அத்தீர்ப்பை மனம் உவந்து ஏற்கவில்லை; மக்களின் பசியை உரோமை அறியவில்லை என்றே பலர் வருந்தினர். அவர்கள் வருத்தத்தில் நியாயம் உண்டென்றே நானும் கருதுகிறேன். எனினும் அந்தக் காரணத்தை நாம் ஒதுக்கிவிட முடியாது. பெரியவனை நோக்கி எறிந்த கல் பக்கத்தில் நின்ற சிறியவனின் தலையில் விழுவது அடிக்கடி நிகழ்வதே.

கால்பந்து ரசிகர்களின் புறக்கணிப்பு எல்லாம் வீண் என்றும் சொல்ல இயலாது. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் மாண்டனர். அவ்விபத்தால் இறந்தோர் தொகை 97. மாண்டவர்கள் மீதும் தப்பியவர்கள் மீதும் 'சன்' என்னும் நாளிதழ் பொய்ப்பழி சுமத்தியது. அன்று தொடங்கி லிவர்பூல் மக்கள் அந்தத் தாளை வாங்க மறுத்தனர். 2016-இல் விசாரணை மன்றத்தின் நடுவர்கள் ரசிகர்கள் மீது குற்றமில்லை என்று கூறிய பின்னும் அம்மறுப்பு நீடித்தது. அங்கே போராட்டம் உண்மைக்காக நடந்தது. செத்தவர்களின் மானத்திற்காக நடந்தது. எதிரே இருந்தது பொய் அச்சிட்ட தாள். அதை வாங்காதிருப்பதே அதற்கு நேரான மறுமொழி. பிரிஸ்டலிலோ பொய் சொன்னவர் இல்லை. கணக்குப் பார்த்து விலகியவர் இருந்தார். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது.

வாங்காதிருக்க ஒருவனுக்கு எப்போதும் உரிமை உண்டு. தன் கையில் உள்ள காசை எந்தக் கடையில் கொடுப்பது என்பது அவன் விருப்பம்; அதற்குக் காரணம் சொல்லவும் வேண்டியதில்லை. அடுத்தவனையும் அழைக்கலாம், உண்மையை மட்டும் சொல்லி அழைக்க வேண்டும். நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்று துண்டுத்தாள் அச்சிடுவதை, இரண்டு நீதிமன்றங்கள் அவ்வாறன்று என்று கூறிய பிறகு, என்னால் ஏற்க இயலவில்லை. எங்களுக்கு நம்பிக்கை தந்துவிட்டு, இலாபம் குறைந்ததும் கைவிட்டுப் போனார்கள் என்று சொல்லலாம்; அது உண்மைக்கு மாறானதன்று.

இவ்வாதத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு கூட்டத்தார் உண்டு. நினைவுக் களத்தை அடுத்த குளோஸ்டர் சாலை, சிறு வணிகர்களின் கடைகளுக்குப் பெயர் பெற்றது. காய்கறிக்காரர், இறைச்சிக்கடைக்காரர், ரொட்டிக்கடைக்காரர் என்று நீண்ட வரிசை. பெரிய அங்காடி வந்தால் தாங்கள் அழிவோம் என்று அஞ்சி அப்பகுதியினர் எதிர்த்தனர்; நீதிமன்றம் வரை சென்று, 2014-இல் தோற்றனர். ரசிகர்களில் சிலர் இவர்கள் மீதும் கோபம் கொண்டனர். தன் வீட்டுச் சோற்றுப்பானைக்காக ஒருவன் நடத்திய போராட்டத்தை, தன் கழகத்தின் அரங்கத்திற்காக மற்றொருவன் பகையாக எண்ணினான். இருவரும் ஒரே தெருவில் வாழ்கிறவர்கள். சேன்ஸ்பரிக்கு எதிராகக் கொடிபிடிக்க நினைத்த ரசிகர், வாரந்தோறும் குளோஸ்டர் சாலைச் சிறுகடையில் காய்கறி வாங்கியிருந்தால், அது நல்ல எதிர்ப்பாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. எத்தனை பேர் அவ்வாறு செய்தார்களோ!

நிறுவனம் விலகியதால் மட்டுமே அரங்கம் எழவில்லை என்று சொல்லவும் பின்னர் முடியாமற்போயிற்று. 2016 பிப்ரவரியில் ஜோர்டான் நாட்டுச் செல்வக் குடும்பம் ஒன்று கழகத்தை வாங்கியது. அங்காடியின் பணம் இல்லாமலே அரங்கத்தைக் கட்டுவோம் என்ற நம்பிக்கை மீண்டும் துளிர்த்தது. பல்கலைக்கழகத்தோடு மாதக்கணக்கில் பேச்சு நடந்தது. 2017 ஆகஸ்டில் அதுவும் முறிந்தது. இம்முறை நடுவில் அங்காடி இல்லை. யார் கடை வாசலில் போய் நிற்பது என்று ரசிகர்களுக்கே தெரியவில்லை.

ரோவர்ஸ் இன்றும் நினைவுக் களத்திலேயே ஆடுகிறது. அண்மையில் ஒரு பக்கத்தில் புதிய பார்வையாளர் கொட்டகை எழுந்துள்ளது. அங்கே, 1914 முதல் 1918 வரை நடந்த போரில் மாண்டவர்களுக்காக எழுப்பிய வாயில் அப்படியே நிற்கிறது. ஆட்ட நாள்களில் மக்கள் அதன் வழியே உள்ளே போகிறார்கள்.