சட்டப் பேராசிரியருக்கும் தேர்தல் களம் திறக்கட்டும்

வழக்கறிஞர் தேர்தலில் நிற்கலாம். தோற்றால் மறுநாளே கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு நீதிமன்றம் போகலாம். அவருக்குச் சட்டம் கற்பித்த அரசு சட்டக் கல்லூரிப் பேராசிரியர் நிற்க விரும்பினால் வேலையையே உதற வேண்டும். 1973ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள் அவரைக் கட்டிப்போட்டிருக்கின்றன. தமிழக அரசு இந்தக் கட்டை அவிழ்க்க வேண்டும்.

1935இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வரான அம்பேத்கர், 1936இல் கட்சி தொடங்கி, 1937 மாகாணத் தேர்தலில் வென்றார். கொங்கணத்துக் குத்தகை விவசாயிகளை வாட்டிய கோத்தி முறையை ஒழிக்க அந்த ஆண்டே மசோதா கொண்டுவந்தார். சட்டப் படிப்பு சட்டமன்றத்துக்குள் நுழைந்ததன் பலன் அது.

அம்பேத்கர் பெயரை ஒரு காலத்தில் தாங்கியிருந்த நமது வேலூர் மாவட்டத்துக்கு அத்தகையவர்கள் அவசரத் தேவை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாறு கெட்ட வழக்கில், 'மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும்' என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அதே சிக்கலுக்காக 2025 ஜனவரியில் அந்த நீதிமன்றமே மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. அமிர்தியை ஒட்டிய ஜவ்வாது மலையிலோ, 2006 வன உரிமைச் சட்டப்படி ஒருவர் பட்டா கேட்டால், மனு கிராம சபை, கோட்டக் குழு, மாவட்டக் குழு என மூன்று படி ஏற வேண்டும். எந்தப் படியில் மனு முடங்குகிறது, விதியில் எந்தச் சொல்லை மாற்றினால் அது நகரும் என்று அவையில் எழுந்து கேட்க, சட்டத்தை வரி வரியாகப் படித்தவர் வேண்டாமா?

கல்லூரி கட்சி அலுவலகமாகிவிடும், மதிப்பெண்ணுக்காக மாணவர்கள் கொடி பிடிக்க நேரும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு மருந்து கட்டுப்பாடு, தடை அல்ல. வேட்புமனுவுக்கு முன்பே பேராசிரியரைப் பணியிலிருந்து விடுவிக்கலாம். அப்போது 'ஆதாயம் தரும் பதவி' என்ற தகுதியிழப்புச் சிக்கலும் எழாது. வளாகத்தில் பிரசாரம் கூடாது; திரும்பி வருபவர் அந்த ஆண்டு விடைத்தாள் திருத்தக் கூடாது என்று விதிக்கலாம். தோற்றால் மீண்டும் பணியில் சேரும் உரிமை மட்டும் உறுதியாக வேண்டும்.

இது நடக்காத காரியமல்ல. 2023 ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில் அரசு மருத்துவர் ஒருவரைப் பணியிலிருந்து விடுவித்துப் போட்டியிட விடவும், தோற்றால் மீண்டும் சேர்த்துக்கொள்ளவும் அம்மாநில உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. இங்கே, விதியை இயற்றிய அரசே ஓர் அரசாணையில் அதைத் திருத்திவிடலாம். அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திராமல் இப்போதே அதைச் செய்யட்டும்.