கூலியா, கொடையா?

அந்தி நேரம். டெக்சாஸ் மாநிலத்துப் பெருநகர் ஒன்று. வாயிலிலே வண்ண விளக்கு, உள்ளே மங்கிய ஒளி, மெல்லிய இசை. ஒரு புறம் கண்ணாடித் தொட்டி - அதிலே கொடுக்குகள் கட்டப்பட்ட சிங்க இறால்கள், தம்மை நோக்கி நீளப்போகும் விரலுக்காகக் காத்துக் கிடக்கின்றன. மறுபுறம் அனல் தகிக்கும் அடுப்பு - அதிலே கனத்த மாட்டிறைச்சித் துண்டு. ஸ்டேக் என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். "எப்படி வேண்டும்? உள்ளே சிவந்திருக்க வேண்டுமா? பாதி வெந்தால் போதுமா? முழுதும் வேக வேண்டுமா?" என்று கேட்கிறாள் ஒரு பெண். கேட்கும்போது சிரிக்கிறாள், கேட்டபின்னும் சிரிக்கிறாள். தட்டு வந்தபின் இரண்டு முறை திரும்பி வந்து, சுவை சரிதானா என்று சிரித்துக்கொண்டே வினவுகிறாள். அந்தச் சிரிப்பு மகிழ்ச்சியில் மலர்ந்ததா, வயிற்றுப்பாட்டில் விளைந்ததா? இதைத்தான் இன்று நாம் கேட்க வந்தோம்.

இறைச்சி உண்பது பாவம் என்று பேச வந்தோமில்லை. அந்த உபதேசத்திற்கென்றே பிறந்தவர்கள் வேறிடத்தில் இருக்கின்றனர்; அவர்கள் கடையை அவர்களே நடத்தட்டும். மாட்டிறைச்சியோ, மீனோ, மரக்கறியோ, எவர் எதை உண்பது என்பதை அவரவர் பசியும் நாவும் முடிவு செய்யட்டும். தட்டிலே இருப்பது எது என்று நாம் கேட்கவில்லை. தட்டைச் சுமந்து வந்த கைக்குக் கிடைப்பது எவ்வளவு என்றே கேட்கிறோம்.

கேளுங்கள் கணக்கை! அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி ஒரு தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய குறைந்த அளவு கூலி மணிக்கு 7.25 டாலர். 2009ஆம் ஆண்டில் வகுத்த அளவு அது, இன்னும் ஏறவில்லை. அந்த அளவாவது அந்தப் பெண்ணுக்கு உண்டா என்றால், இல்லை! இனாம் பெறும் தொழிலாளிக்கு முதலாளி தன் பெட்டியிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்கிறது அதே சட்டம். 1991ஆம் ஆண்டில் விதித்த அளவு இது. அந்த ஆண்டில் பிறந்த குழந்தை வளர்ந்து, படித்து, மணமுடித்து, தன் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் காலம் வந்துவிட்டது, 2.13 மட்டும் வளரவில்லை. எட்டு மணி நேரம் நின்றும் நடந்தும் சுமந்தும் சிரித்தும் உழைத்தால் முதலாளி தரவேண்டியது 17 டாலர் 4 சென்ட். அவள் சுமந்து சென்ற ஒரே ஒரு ஸ்டேக் தட்டின் விலை அதைவிட மிகுதி!

மீதி 5.12 டாலரை யார் கொடுப்பது? உண்ண வந்தவர் இனாமாகக் கொடுப்பார்; அந்த இனாம் குறைந்தால் மட்டுமே முதலாளி இட்டு நிரப்ப வேண்டும். பத்திலே ஏழு பங்கு கூலியை வாடிக்கையாளர் தலையில் சுமத்திவிட்டு, மூன்று பங்கை மட்டும் கொடுப்பவனுக்குப் பெயர் முதலாளி! உழைப்பை வாங்குபவன் ஒருவன், விலை கொடுப்பவன் மற்றொருவன். வேறெந்த வாணிகத்தில் உண்டு இந்த விந்தை? அடுப்புக்கு விறகு கொடுத்தவனிடம், "விலையை உண்ண வருவோரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்" என்று சொன்னால் அவன் விறகைத் திரும்ப எடுத்துச் செல்வான். உழைப்பைக் கொடுத்தவள் எதைத் திரும்ப எடுத்துச் செல்வாள்?

விருந்து முடிகிறது, பில் வருகிறது. அடியிலே 18, 20, 25 விழுக்காடு என்று மூன்று கட்டங்கள். நம்மவர் பேனாவை எடுக்கிறார், நடுக்கட்டத்தைத் தேர்கிறார், நெஞ்சு நிமிர்கிறது. ஊருக்கு வந்தால் உறவினரிடம் உரைக்கிறார்: "அங்கெல்லாம் டிப்ஸ் தாராளமப்பா! நான் எப்போதும் 20 விழுக்காடு வைப்பேன்." ஐயா, தாராளம் என்று எண்ணித் தாங்கள் வைத்தது கொடையல்லவே! முதலாளி கொடுக்காமல் விட்ட கூலியல்லவா அது? வள்ளலின் வேடம் தங்களுக்கு; வரவு அவனுக்கு; வளைந்த முதுகு அவளுக்கு.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பியச் சீமான்கள் ஏவலாளிக்கு வீசியெறிந்த காசைக் கண்டு வந்த அமெரிக்கச் செல்வர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைத் தம் நாட்டில் நட்டனர். 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. விலங்கு கழன்ற கறுப்பின மக்கள் வேலை தேடி வந்தனர். ரயிலிலே படுக்கை வண்டிகள் நடத்திய புல்மன் நிறுவனம் அவர்களை ஆயிரக்கணக்கில் அமர்த்தியது - அற்பக் கூலிக்கு. மீதிக்குப் பயணிகளின் இனாம். அந்தப் பணியாளருக்குப் பெற்றோர் இட்ட பெயர் இருந்தது; பயணிகள் அழைத்ததோ "ஜார்ஜ்" என்று. ஏன் ஜார்ஜ்? முதலாளியின் பெயர் ஜார்ஜ் புல்மன்! ஆண்டையின் பெயரால் அடிமையை அழைத்த பழைய பழக்கம், சட்டம் மாறியபின்னும் ரயிலேறி வந்தது. கூலியை இழந்தவன் பெயரையும் இழந்தான். அவர்கள் 1925இல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கண்டனர். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி 1937இல் ஒப்பந்தம் கண்டனர். அவர்கள் கேட்டது தாராளமான இனாமையா? முறையான கூலியை!

அமெரிக்க மண்ணிலேயே இதை இழிவென்று கண்டவரும் உண்டு. 1909ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாநிலம் இனாமைச் சட்டத்தால் தடுத்தது; வேறு சில மாநிலங்களும் தொடர்ந்தன. குடியாட்சியில் ஒருவன் கையேந்த மற்றொருவன் காசெறிவது தகாது என்றனர். 1926க்குள் அந்தச் சட்டங்கள் யாவும் மறைந்தன. 1938இல் குறைந்த அளவு கூலிச் சட்டம் பிறந்தபோது உணவகத் தொழிலாளர் அதன் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர்.

பிறகு வந்தது 1964. கறுப்பின மக்கள் எந்த உணவகத்திலும் எவரோடும் சமமாக அமர்ந்து உண்ணலாம் என்று குடியுரிமைச் சட்டம் கூறிற்று. 1960இல் கிரீன்ஸ்பரோவில் நான்கு மாணவர் உணவு மேடை முன் அமர்ந்து எழ மறுத்தனரே, அந்த அறப்போர் வழிவந்த வெற்றி அது. உண்ணுமிடத்தில் பிறப்பால் பிரித்து வைத்த கொடுமையை ரயிலடிச் சிற்றுண்டிச் சாலைகளிலே கண்டவர்கள் நாம்; அந்த வெற்றியின் அருமை நமக்கு விளங்கும். ஆனால் இரண்டே ஆண்டு கழித்து, 1966இல் நடந்தது என்ன? உணவகத் தொழிலாளரைக் கூலிச் சட்டத்துக்குள் அழைத்தார்கள்; அழைத்த அன்றே, இனாம் பெறுவோர்க்குப் பாதிக் கூலி போதும் என்றும் எழுதினார்கள். 1996இல் அந்தப் பாதியையும் அறுத்து, 2.13 என்று ஆணியடித்து நிறுத்தினார்கள். நாற்காலியில் அமர்வோர்க்குச் சமத்துவம் வந்தது. நாற்காலியருகே நிற்போர்க்கு வரவில்லை.

"இனாமால் அவர்கள் பணம் குவிக்கிறார்களே! பெரிய ஸ்டேக் வீட்டில் பரிமாறுபவர் ஓரிரவில் பெறுவதை அலுவலகக் குமாஸ்தா கண்டதுண்டா?" என்று கேட்கின்றனர். சிலர் பெறுகின்றனர், மறுக்கவில்லை. மதுவும் மாமிசமும் விலையுயர்ந்த இடத்தில் விழுக்காடும் உயர்கிறது. ஆனால் அந்தச் சிலரைக் காட்டி, காலை வேளையில் காப்பியும் முட்டையும் சுமக்கும் பலரின் வாயை அடைப்பது எந்த நீதி? பனிபெய்து வாடிக்கையாளர் வராத இரவில் அவர் செய்த குற்றம் யாது? ஒரே பணி செய்தும் வெள்ளையருக்குக் கிடைப்பதைவிடக் கறுப்பருக்கு இனாம் குறைவாகக் கிடைப்பதை ஆய்வாளர் கண்டு எழுதியுள்ளனர். சட்டம் நிறம் பார்க்கக் கூடாது என்றோம். கூலியை மட்டும் நிறம் பார்ப்பவன் கையில் ஒப்படைத்தோம். மேசையில் அமர்ந்தவன் தகாத சொல் சொன்னாலும், தகாத இடத்தில் கை வைத்தாலும், அன்றைய வாடகை அவன் பையில் இருக்கிறதே என்று பல்லைக் கடித்துச் சிரிக்கும் பெண்ணுக்கு, எத்தனை டாலர் கொடுத்தால் அந்தச் சிரிப்புக்கு ஈடாகும்? 2018இல் ஒரு சட்டம் செய்தார்கள் - முதலாளி இனாமை எடுத்துக்கொள்ளலாகாது என்று. திருட்டில்லாத தெருவில் பூட்டுக்கு ஏது வேலை?

"கூலியை உயர்த்தினால் விலை ஏறும், விலை ஏறினால் கடை மூடும்" என்பது அடுத்த வாதம். அலாஸ்கா, கலிபோர்னியா, மினசோட்டா, மொன்டானா, நெவாடா, ஓரிகன், வாஷிங்டன் - இந்த ஏழு மாநிலங்களில் இனாமைக் காட்டிக் கூலியைக் குறைக்க முடியாது. முழுக் கூலி, அதற்கு மேல்தான் இனாம். அங்கே அடுப்பு அணைந்தா போயிற்று? ஸ்டேக் வீடுகள் நிறைந்த லாஸ் வேகாஸ் நெவாடாவில் இருக்கிறது. நண்டுக்குப் பெயர்பெற்ற சான் பிரான்சிஸ்கோ கலிபோர்னியாவில் இருக்கிறது. சால்மன் மீனுக்குப் பெயர்பெற்ற சியாட்டில் வாஷிங்டனில் இருக்கிறது. வந்து உண்பவர் கூட்டம் அங்கே குறையவில்லை. வாதம் செய்வோரின் கண்தான் குறையுடையது.

"தொழிலாளரே மாற்றம் வேண்டாம் என்கின்றனரே" என்பது மூன்றாவது. 2024இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாக்கெடுப்பு நடந்து முழுக் கூலித் திட்டம் தோற்றது உண்மை. பரிமாறுவோர் பலர் எதிர்த்ததும் உண்மை. அறியாமை என்று அவர்களை இகழோம். கையிலிருப்பதும் போய்விடுமோ என்ற அச்சம் அது. அந்த அச்சத்தை ஊட்டி வளர்த்தவர் எவர் என்பதை நாடறியும். நியூயார்க்கின் பேர்பெற்ற உணவகக் குழு ஒன்று 2015இல் இனாமை ஒழித்துக் கூலியை உயர்த்த முனைந்தது, 2020இல் கைவிட்டது. அண்டைக் கடை பழைய வழியில் நடக்கும்போது தனியொரு கடையின் நல்லெண்ணம் நெடுநாள் நில்லாது. ஆகவேதான் சட்டம் கேட்கிறோம். ஆட்சியாளர் தந்தது என்ன? 2025இல் இனாமுக்கு வருமான வரிச் சலுகை - ஆண்டுக்கு 25,000 டாலர் வரை, 2028 வரை! முதலாளியின் பெட்டியைத் தொடாமல், அரசின் பெட்டியைத் திறந்து, தொழிலாளியின் தோழன் என்று பட்டமும் பெறும் சாமர்த்தியம்.

பரிமாறுபவளையாவது கண்ணால் காண்கிறோம். அந்தத் தட்டின் பின்னே காணாத கைகள் எத்தனை! 2015இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர், இந்தோனேசியாவின் பெஞ்சினாவில் மியான்மர் மீனவர் கூண்டில் அடைபட்டுக் கிடந்ததைக் கண்டு எழுதினர். அவர்கள் பிடித்த மீன் அமெரிக்கச் சந்தைக்குச் சென்ற வழியையும் தடம் பிடித்துக் காட்டினர். 2,000க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். எழுதியோர் 2016இல் புலிட்சர் பரிசு பெற்றனர். அண்மை ஆண்டுகளில் அமெரிக்காவுக்கு மிகுதியாக இறால் அனுப்பும் நாடு இந்தியா. ஆந்திரக் கரையோரக் குட்டைகளில் வளரும் இறாலின் ஓட்டை உரிப்பவை நம் பெண்களின் விரல்கள். அந்த விரல்களுக்கு விழுக்காடு எழுதும் கட்டம் எந்தப் பில்லில் உண்டு?

இறைச்சியின் கதை இன்னும் கொடிது. 2020இல் கொள்ளைநோய் பரவியபோது, இறைச்சிக் கூடங்கள் இயங்கியே தீரவேண்டும் என்று ஏப்ரல் 28ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆணையிட்டார். ஓராண்டுக்குள் ஐந்து பெரிய நிறுவனங்களில் மட்டும் 59,000 தொழிலாளர்க்குக் குறையாமல் நோய் கண்டது. 269 பேருக்குக் குறையாமல் மாண்டனர். நாடாளுமன்றக் குழு 2021இல் வெளியிட்ட கணக்கு இது. நூறாண்டுக்கு முன்னரே அப்டன் சிங்க்ளேர் சிகாகோ இறைச்சிக் கூடங்களின் கொடுமையைப் புதினமாக்கினார். 1906இல் அது நூலாக வந்தது. அதே ஆண்டில் இறைச்சியைத் தூய்மையாக வைக்கச் சட்டம் வந்தது. தொழிலாளிக்கு? ஒன்றும் வரவில்லை. மக்கள் நெஞ்சைக் குறிவைத்தேன், வயிற்றில் பட்டுவிட்டது என்று அவரே வருந்தினார். உண்பவன் வயிறு கெடாமல் காத்த சட்டம், உழைப்பவன் வயிறு காயாமல் காக்க மறந்தது.

உண்ணாதே என்று எவரையும் தடுக்கவில்லை. இனாமை நிறுத்திவிட்டுக் கொள்கை பேசு என்றும் சொல்லவில்லை. சட்டம் மாறும் வரை அந்த 20 விழுக்காடு அவளது கூலி, அதைக் கொடாமல் எழுந்து வருபவன் சீர்திருத்தக்காரனல்லன், கூலியைப் பிடித்துக்கொண்டவன். கொடுங்கள், கொடுத்துவிட்டு வள்ளலென்று மார்தட்டாதீர்கள். கடன் தீர்த்தவனின் அடக்கத்தோடு வெளியே வாருங்கள். வந்தபின், வாக்குச்சீட்டு உள்ள நாட்டில் வாழும் நம்மவர், முழுக் கூலிச் சட்டத்துக்கு அந்த வாக்கை அளியுங்கள். இங்கே வாழும் நாமும், நம் ஊர் ஓட்டலில் மேசை துடைக்கும் சிறுவனுக்குப் பத்து ரூபாய் நீட்டுமுன், அவனுக்குச் சம்பளம் எவ்வளவு என்று முதலாளியிடம் ஒரு முறை உரக்கக் கேட்போம்.

கூலி கேட்பவன் நிமிர்ந்து நின்று கேட்கலாம். கொடை கேட்பவன் குனிந்துதான் கேட்க வேண்டும். குனிய வைத்துப் பரிமாறச் செய்த உணவு, எவ்வளவு உயர்ந்த உணவாயினும், தன்மானமுள்ளவன் தொண்டையில் எளிதில் இறங்குமா?