மேலே பறப்பவனுக்கு இனாம். கல்லாவில் நிற்பவளுக்கு வேலைநீக்கம்!

கம்பெனிக் காசில் டிக்கெட்டும் சாமானும் வாங்கும்போது கிடைக்கிற "புள்ளி" யாருக்குச் சொந்தம் என்று முதலாளித்துவ நாடுகளில் ஒரு தர்க்கம் ஓயாமல் நடக்கிறது. தறி ஓட்டுகிறவனுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் இதில் என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது தோழர்களே, நிறைய இருக்கிறது.

புள்ளி என்பது என்ன? விமானக் கம்பெனி, ஓட்டல், பெட்ரோல் பங்க், பெரிய கடை எல்லாம் திரும்பத் திரும்ப வருகிறவர் பேரில் ஒரு கணக்கு வைத்துக்கொள்கின்றன. வாங்க வாங்கப் புள்ளி ஏறும். போதிய அளவு சேர்ந்ததும் இனாம் டிக்கெட், இனாம் அறை, இனாம் சாமான். இனாமாம்! விலையில் ஏற்றி வாங்கியதில் ஒரு துளியைத் திருப்பித் தருவதற்கு இப்படி ஒரு பெயர்.

சூட்சுமம் வேறிடத்தில் இருக்கிறது. பணம் கட்டுவது கம்பெனி. புள்ளி ஏறுவதோ பயணம் போன உத்தியோகஸ்தர் பேரில். பண்ணைக்கு விதை வாங்கப் போன கணக்கப்பிள்ளையின் கையில் கடைக்காரன் கமிஷன் திணிக்கிறானே, அதற்கு நம் ஜனங்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ அதுவேதான் இதற்கும் பெயர். "மலிவான டிக்கெட் இருந்தால் இருக்கட்டும், எங்களிடமே வாங்கு; செலவு உன்னுடையதா என்ன?" என்று காதில் ஓதுவதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். அந்தச் செலவு யாருடையது? உற்பத்தி செய்கிறவனுடையது. அவன் பேரில் மட்டும் எந்தக் கம்பெனியும் புள்ளி எழுதுவதில்லை.

ஜெர்மனியைப் பார்ப்போம். சட்டத்துக்கும் ஒழுங்குக்கும் பேர்போன தேசமல்லவா! அங்கே லுப்தான்ஸா விமானக் கம்பெனி 1993-ல் இந்த மைல் கணக்கை ஆரம்பித்தது. பார்லிமெண்ட் உறுப்பினர்கள் சர்க்கார் செலவில் பறந்து சேர்த்த மைல்களைச் சர்க்கார் வேலைக்கே உபயோகிக்க வேண்டும் என்பது விதி. 2002 ஜூலையில், தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கையில், 'பில்ட்' என்ற தினசரி சிலர் அந்த மைல்களில் சொந்தப் பயணம் போனதை வெளியிட்டது. இடதுசாரித் தலைவர் கிரெகோர் கீஸி அப்போது பெர்லின் மாநிலப் பொருளாதார மந்திரி. ஜூலை 31 அன்று ராஜினாமா செய்தார். பசுமைக் கட்சியின் செம் ஓஸ்டெமிரும் பொறுப்பை விட்டு விலகினார். பெயர் அடிபட்ட வேறு சிலர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

கீஸி விலகியது சரியே. உழைப்பாளிகளின் பேரால் நாற்காலியில் அமர்ந்தவன் சர்க்கார் டிக்கெட்டின் கமிஷனில் பறக்கக் கூடாது. அவர் நம் பக்கத்து மனிதர் என்பதற்காக நாம் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் அன்று "நேர்மை, நேர்மை" என்று கூக்குரலிட்ட கனவான்களிடம் ஒரு கேள்வி உண்டு. கம்பெனி அதிகாரிகள் சேர்த்த மைலுக்கு உங்கள் சட்டம் என்ன தண்டனை வைத்திருக்கிறது?

தண்டனையாவது! சலுகை வைத்திருக்கிறது. இந்த இனாம்களில் வருஷத்துக்கு 1,080 யூரோ வரை வரியே கிடையாது. அதற்கு மேலே போனாலும் விமானக் கம்பெனியே மொத்தமாக 2.25 சதவீதம் கட்டிவிட்டால் விவகாரம் தீர்ந்தது. விலக்கு வரம்பைத் தாண்டிய தொழிலாளியின் கூலிக்கோ வருமான வரி ஆரம்பமே 14 சதவீதம்! 2006 ஏப்ரலில் அந்நாட்டுத் தொழிலாளர் உச்ச கோர்ட், கம்பெனிச் செலவில் சேர்ந்த மைல் கம்பெனிக்கே சேர வேண்டும் என்று தீர்ப்பளித்தது உண்மை. பிறர் வேலையாகப் போனவன் அந்த வேலையில் கிடைத்ததை ஒப்படைக்க வேண்டும் என்பது சிவில் சட்ட விதி. நல்ல விதிதான். ஆனால் முதலாளி வற்புறுத்திக் கேட்டால்தானே அது வேலை செய்யும்? கேளாமல் விட்டுவிட்டால் மைல் அதிகாரியுடையது; குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய் வரலாம். அவரை யாரும் திருடன் என்று அழைப்பதில்லை.

இப்போது கீழே இறங்கி வாருங்கள், தோழர்களே. அதே ஜெர்மனி, அதே பெர்லின். கைசர்ஸ் என்ற பெரிய கடையில் ஒரு பெண் கல்லாவில் உட்கார்ந்து 31 வருஷம் உழைத்தாள். அந்நாட்டில் காலிப் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் ஒரு சீட்டு வரும்; அதைக் கல்லாவில் காட்டினால் டெபாசிட் காசு கிடைக்கும். யாரோ தவறவிட்ட இரண்டு சீட்டுகளைத் தன் கணக்கில் மாற்றிக்கொண்டாள் என்று 2008 பிப்ரவரியில் அவளை நிர்வாகம் நோட்டீஸ் காலமும் கொடாமல் வெளியே தள்ளியது. ஒன்று 48 சென்ட், மற்றது 82 சென்ட். ஆக 1 யூரோ 30 சென்ட். அன்றைய நம் பணத்தில் 80 ரூபாய்க்கும் குறைவு! தான் அப்படிச் செய்யவில்லை என்று அவள் மறுத்தாள். நிர்வாகம் "நம்பிக்கை முறிந்துவிட்டது" என்றது.

எந்த நம்பிக்கை முறிந்தது? அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கடைச் சிப்பந்திகளின் வேலைநிறுத்தம் நடந்தது. அந்தப் பெண் அதில் நின்றவள்; மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போன பிறகும் நின்றவள். இரண்டுக்கும் முடிச்சுப் போடாதே என்பார்கள். நாம் போடுகிறோம். ஆலை வாசலில் நின்று பழகிய எந்தத் தொழிலாளியும் போடுவான்.

இரண்டு கோர்ட்டுகள் முதலாளி பக்கம் பேசின. அவர்கள் கையில் பழைய ஆயுதம் ஒன்று இருந்தது. 1984-ல் சிப்பந்திப் பெண் ஒருத்தி ஒரு துண்டு கேக்கைக் காசு கொடாமல் தின்றாள் என்ற வழக்கில், பொருள் எவ்வளவு அற்பமானாலும் உடனடி வேலைநீக்கம் செய்ய இடமுண்டு என்று உச்ச கோர்ட் சொல்லியிருந்தது. கேக் துண்டுக்கு நம்பிக்கை முறிகிறது. ஆயிரக்கணக்கான மைலுக்கு முறிவதில்லை. என்னே கண்ணாடி போன்ற நம்பிக்கை! கீழே இருப்பவன் கை பட்டால் மட்டுமே உடைகிறது.

பெண் விடவில்லை. தோழர்களும் விடவில்லை, ஆதரவுக் கமிட்டி அமைத்தார்கள், ஊரெங்கும் பேச்சாயிற்று. 2010 ஜூன் 10 அன்று எர்பர்ட் நகரில் உச்ச கோர்ட் நீக்கம் செல்லாது என்றது. 31 வருஷம் குறையின்றி உழைத்துச் சேர்த்த நம்பிக்கை ஒரே காரியத்தில் கரைந்துவிடாது, எச்சரிக்கையே போதும் என்பது தீர்ப்பு. அவள் வேலைக்குத் திரும்பினாள். இரண்டு வருஷத்துக்கு மேல் வேலையின்றி நின்ற பிறகு!

புள்ளி விஷயத்தில் செய்ய வேண்டியது எளிது. கணக்கு கம்பெனியின் பேரில் இருக்கட்டும். அதன் பயன் எங்கே போகிறது என்பதைத் தொழிலாளர் பிரதிநிதிகள் பார்க்கட்டும். மானேஜரானாலும் குமாஸ்தாவானாலும் விதி ஒன்றே என்று ஒப்பந்தத்தில் எழுதட்டும். அற்பத் தொகைக்கு எச்சரிக்கையின்றி வேலைநீக்கம் கூடாது என்பதைச் சட்டமாக்க 2010-ல் அந்நாட்டுச் சமூக ஜனநாயகக் கட்சியும் இடதுசாரிக் கட்சியும் மசோதாக்கள் கொண்டுவந்தன. பார்லிமெண்டில் அவை தேறவில்லை. ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கும் தராசு இன்றும் நீதிபதியின் கையில்தான் இருக்கிறது.