பல்லுக்கும் உண்டு க்ளோசிங் ஸ்டாக்!

கல்யாணம் நிச்சயமான மாப்பிள்ளைகள் கவனத்துக்கு! (ஆகாதவர்களும் படிக்கலாம். உங்களுக்கும் ஒருநாள் வரும் சார்!)

ஆபீஸ் நண்பர் ஒருவர். காபி உபயத்தில் பல்லெல்லாம் மஞ்சள். முன்பல்லில் ஒரு பழைய ஃபில்லிங் வேறு. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பல் டாக்டரிடம் போய், "இன்னிக்கு ப்ளீச் பண்ணிடுங்க. நாளைக்கு அந்தக் கலருக்கு மேட்ச்சா புது ஃபில்லிங் வெச்சுடுங்க" என்றார். (ப்ளீச்சில் பல் வெளுக்கும், ஃபில்லிங் வெளுக்காது.)

டாக்டர் காலண்டரைப் பார்த்தார். "ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு வாரமாவது வேணுமே... முகூர்த்தத்தைத் தள்ளிவைக்க முடியுமா?"

நண்பர் வெறும் க்ளீனிங்கோடு தாலி கட்டினார்.

ஏன் ரெண்டு வாரம்? பல்லை வெளுப்பது ஹைட்ரஜன் பெராக்ஸைடு. வேலை முடிந்த பிறகும் கொஞ்சம் ஆக்ஸிஜன் பல்லுக்குள் தங்கிவிடும். எங்கள் பி.காம். பாஷையில் க்ளோசிங் ஸ்டாக்! பல் கலர் ஃபில்லிங் என்பது நீல வெளிச்சம் காட்டினால் இறுகும் ஒருவகைப் பிசின். ஆக்ஸிஜன் இருந்தால் அது சரியாக இறுகாது. ஒட்டும் பிடிக்காது. நாளைக்கே முறுக்கைக் கடித்தால், முறுக்கு முழுசாக இருக்கும், ஃபில்லிங் கையில் வரும். ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் ஸ்டாக் தானாகக் காலியாகிவிடும்.

குறுக்கு வழி? ஆராய்ச்சிக்காரர்கள் விடுவார்களா! ஆக்ஸிஜனை அடக்குவது ஆன்டி ஆக்ஸிடன்ட்தானே? முதலில் வைட்டமின் சி-யின் உப்பான சோடியம் அஸ்கார்பேட்டை 10 சதவிகிதக் கரைசலாகத் தடவிப் பார்த்தார்கள். ஒட்டு பலம் திரும்பியது. அப்புறம் செடி கொடிகள் பக்கம் போனார்கள். திராட்சை விதை, க்ரீன் டீ, மாதுளம்பழத் தோல், பைன் மரப்பட்டை... பல சோதனைகளில் நல்ல பலன். திராட்சை விதைச் சாறு சோடியம் அஸ்கார்பேட்டையே முந்தியதும் உண்டு.

உடனே திராட்சை விதையை மெல்ல ஆரம்பிக்காதீர்கள். அது தின்பதற்கல்ல, ஃபில்லிங் வைக்குமுன் பல் மேல் தடவிக் கழுவுவதற்கு. தவிர, இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை பிடுங்கிய பற்களில், லேபில் நடந்தவை. அந்தப் பற்கள் காபி குடிப்பதில்லை, முறுக்கு கடிப்பதில்லை, மாமனாரைப் பார்த்துச் சிரிப்பதுமில்லை. எவ்வளவு தடவணும், எத்தனை நிமிஷம் விடணும் என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு.

ஆகவே, காத்திருப்பதுதான் கேரண்டி. பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போதே பல் டாக்டரையும் பார்த்துவிடுங்கள். முதலில் ப்ளீச், ரெண்டு வாரம் கழித்து ஃபில்லிங். அதற்குள் வெளுத்த கலரும் ஒரு நிலைக்கு வந்துவிடும், மேட்ச் பண்ணவும் வசதி.

அதுவரை? வாயை மூடிக்கொண்டு சிரியுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு எப்படியும் அது பழக வேண்டியதுதானே!