‘வண்டி 15 கொடுக்குது’... நிஜமாவா? பிக்கப் வண்டி மைலேஜை சரியாக அளப்பது எப்படி? டீசல் செலவை எங்கே குறைக்கலாம்? முழு விளக்கம்

‘வண்டி எவ்வளவு கொடுக்குது?’ காய்கறி மார்க்கெட் வாசலில் லோடுக்காகக் காத்திருக்கும் பிக்கப் டிரைவர்களிடம் இதைக் கேட்டால் உடனே பதில் வரும். ‘14 கொடுக்குது’, ‘15 கொடுக்குது’. ‘எப்படி அளந்தீங்க?’ என்று அடுத்த கேள்வி கேட்டால்தான் பலருக்கும் தடுமாற்றம். ஷோரூமில் சொன்னது, மீட்டரில் தெரிவது, பக்கத்து வண்டிக்காரர் சொன்னது... இப்படித்தான் அந்த நம்பர் வந்திருக்கும்.

குட்டி யானை, தோஸ்த், பொலேரோ பிக்கப் என சொந்தமாக ஒரு வண்டி வைத்து ஓட்டுபவர்களுக்கு இது சும்மா பேச்சுக்கான நம்பர் அல்ல. வாடகை பேசுவதே இதை வைத்துத்தான்.

300 ரூபாய் எங்கே போகிறது?

உதாரணத்துக்கு, போய் வர 200 கி.மீ. தூரமுள்ள ஒரு லோடு. டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வண்டி 15 கொடுக்கும் என்று நம்பி வாடகை பேசினால் டீசல் செலவு சுமார் 1,227 ரூபாய். ஆனால் வண்டி உண்மையில் 12 தான் கொடுக்கிறது என்றால் செலவு 1,533 ரூபாய். ஒரே டிரிப்பில் 300 ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போகிறது. வாடகையைப் பேசி முடித்துவிட்டதால் திரும்பக் கேட்கவும் முடியாது. டியூ கட்டவும் வீட்டுச் செலவுக்கும் வைத்திருந்த காசுதான் இப்படிக் கரைகிறது.

விலை குறையும் என்று காத்திருக்கலாமா?

பம்ப் விலை டிரைவர் கையில் இல்லை. 2024 மார்ச்சில் பெட்ரோல், டீசல் விலை லிட்டருக்கு 2 ரூபாய் குறைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது பம்ப்பிலும் குறையும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அந்த நேரத்தில் மத்திய அரசு கலால் வரியை லிட்டருக்கு 2 ரூபாய் உயர்த்தியது. பம்ப் விலை ஏறவில்லை, இறங்கவும் இல்லை.

இதற்கு மேல் மாநில அரசின் வாட் வரியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2020 மே மாதம் டீசலுக்கு 11 சதவீதத்துடன் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு என்று நிர்ணயிக்கப்பட்டது. இவை எதையும் வண்டிக்காரர் மாற்ற முடியாது. வண்டி குடிக்கும் அளவைக் குறைப்பது மட்டுமே அவர் கையில் இருக்கிறது. அதற்கு முதலில் சரியாக அளக்க வேண்டும்.

கம்பெனி சொல்லும் மைலேஜ் ஏன் ரோட்டில் கிடைப்பதில்லை?

கம்பெனிகள் சொல்லும் மைலேஜ் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அது சோதனைக்கூடத்தில் எடுத்த அளவு. வண்டியை உருளைகள் மீது நிறுத்தி, முன்கூட்டியே வகுத்த அட்டவணைப்படி வேகத்தைக் கூட்டிக் குறைத்து அளக்கிறார்கள். அங்கே உச்ச வேகமே மணிக்கு 90 கி.மீ. தான். குண்டும் குழியுமான ரோடு, மலை ஏற்றம், மார்க்கெட் வாசல் நெரிசல் எதுவும் அங்கே கிடையாது. இரண்டு வண்டிகளை ஒப்பிட அந்த நம்பர் உதவும். வாடகை பேச உதவாது.

சரியாக அளப்பது எப்படி?

‘டேங்க் ஃபுல் டூ டேங்க் ஃபுல்’ முறைதான் எளிமையானது, நம்பகமானது.

* நாசில் தானாக நிற்கும் வரை டேங்க்கை நிரப்புங்கள். அதற்கு மேல் ‘ரவுண்டா’ போடச் சொல்ல வேண்டாம்.
* மீட்டரில் உள்ள கிலோமீட்டரை எழுதி வையுங்கள்.
* வழக்கம்போல ஓட்டுங்கள். அளக்கிறோம் என்பதற்காகத் தனியாக மெதுவாக ஓட்ட வேண்டாம்.
* அடுத்த முறை முடிந்தவரை அதே பம்ப்பில், அதேபோல நாசில் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள்.
* ஓடிய கிலோமீட்டரை, இப்போது போட்ட லிட்டரால் வகுங்கள்.

உதாரணம்: மீட்டர் 48,210-லிருந்து 48,658 ஆகியிருக்கிறது. ஓடியது 448 கி.மீ. இப்போது பிடித்தது 35 லிட்டர். மைலேஜ் 12.8.

ஒரு தடவை அளந்தால் போதுமா?

போதாது. நாசில் ஒரு நாள் கொஞ்சம் முன்னாடியே நிற்கும், இன்னொரு நாள் கொஞ்சம் தாமதமாக நிற்கும். 10 லிட்டர் போடும்போது ஒரு லிட்டர் முன்னே பின்னே ஆனால் கணக்கில் 10 சதவீதம் பிழை. 40 லிட்டரில் அதே பிழை இரண்டரை சதவீதம்தான். அதனால் மூன்று, நான்கு முறை அளந்து, மொத்த கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுப்பதே சரி.

தினமும் 500 ரூபாய்க்கு, 1,000 ரூபாய்க்கு டீசல் போடுபவர்கள் என்ன செய்வது? மாதத் தொடக்கத்தில் ஒரு முறை, மாதக் கடைசியில் ஒரு முறை மட்டும் டேங்க் ஃபுல் செய்தால் போதும். நடுவில் போடும் ஒவ்வொரு பில்லையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். முதல் ஃபுல்லை விட்டுவிட்டு, அதன்பிறகு போட்ட எல்லா லிட்டரையும் கூட்டி வகுத்தால் அந்த மாதத்தின் உண்மையான மைலேஜ் கிடைத்துவிடும்.

பம்ப்பிலேயே அளவு குறைகிறதோ என்று சந்தேகம் வந்தால்? ஒவ்வொரு பம்ப்பிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவு கேன் இருக்க வேண்டும். அதில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் வித்தியாசம் இருக்கலாம்.

யாருக்கு லாபம் அதிகம்?

மைலேஜ் 2 கி.மீ. கூடினால் எல்லா வண்டிக்கும் ஒரே லாபம் என்று நினைப்பது தவறு. மாதம் 2,500 கி.மீ. ஓடும் வண்டியில் 10 என்பது 12 ஆனால் சுமார் 42 லிட்டர் மிச்சம். 92 ரூபாய் கணக்கில் 3,800 ரூபாய். அதே தூரத்துக்கு 16 என்பது 18 ஆனால் மிச்சம் 17 லிட்டர் சொச்சம், சுமார் 1,600 ரூபாய்தான். பழைய வண்டி, அதிகம் குடிக்கும் வண்டி வைத்திருப்பவர்கள்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்கிறது இந்தக் கணக்கு.

எங்கே குறைக்கலாம்?

டயர் காற்று: காற்று குறைந்தால் வண்டி இழுக்காது, டயரும் சீக்கிரம் தேயும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் சூடாகாதபோது பார்ப்பதே சரி. லோடு வண்டியில் முன், பின் டயர்களுக்கு அளவு வேறு. கம்பெனி கொடுத்த அளவைப் பின்பற்றுங்கள்.

வேகம்: மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு சுமார் 78 சதவீதம் கூடுகிறது. கேபினுக்கு மேலே உயர்த்திக் கட்டிய லோடும், படபடவென அடிக்கும் தார்பாயும் இதை இன்னும் மோசமாக்கும். 100 கி.மீ. தூரத்தை 80-ல் ஓட்டினால் மிச்சமாகும் நேரம் 25 நிமிடம். அந்த 25 நிமிடம் டீசல் காசுக்குத் தகுமா என்பதை லோடைப் பொறுத்து முடிவு செய்யலாம்.

சும்மா ஓடும் இன்ஜின்: சின்ன டீசல் இன்ஜின்கூட ஒரு மணி நேரம் நின்ற இடத்தில் ஓடினால் சுமார் அரை லிட்டர் குடிக்கும். லோடு ஏற்றும் வரிசையில் தினமும் ஒரு மணி நேரம் என்றால், 25 நாளில் 1,150 ரூபாய் புகையாகப் போகிறது.

நியூட்ரல் பழக்கம்: மலை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் உள்ள இன்றைய டீசல் வண்டிகளில் நிலைமை நேர் எதிர். கியரில் இருந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் போய்க்கொண்டே இருக்கும். அதைவிட முக்கியம், இன்ஜின் பிடிப்பு இல்லாமல் முழு பாரமும் பிரேக் மீது விழும். லோடு வண்டிக்கு அது உயிருக்கே ஆபத்து.

ஓவர்லோடு: ‘இன்னும் நாலு மூட்டைதானே, ஏத்திக்கோங்க’ என்று கேட்பவர் டீசலுக்குக் காசு தருவதில்லை. பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

மைலேஜ் திடீரென விழுந்தால்?

மாதாமாதம் எழுதி வைப்பதில் இன்னொரு பலனும் உண்டு. 13 கொடுத்த வண்டி அதே ரூட், அதே லோடில் 11 ஆகிறது என்றால் எங்கோ கோளாறு. பிரேக் பிடித்தபடியே ஓடுகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்துவிட்டதா, வீல் அலைன்மென்ட் போய்விட்டதா என்று உடனே பார்க்கலாம். ஓடி நின்றதும் ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகக் கொதித்தால் முதலில் பிரேக்கைப் பாருங்கள். பெரிய செலவு வரும் முன் சின்ன செலவோடு தப்பிக்கலாம்.

இதற்கெல்லாம் தேவைப்படுவது ஒரு நோட்டும் பேனாவும்தான். ‘ஆத்துல போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள் பெரியவர்கள். டேங்க்கில் போடுவதை அளந்து வைத்திருப்பவர், அடுத்த லோடுக்கு வாடகை கேட்கும்போது குத்துமதிப்பாகக் கேட்க மாட்டார்.